வெள்ளைச் சேலைக்குப் பயந்த கோழிகள்

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் நல்லம்மாள் தீவன வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கொட்டாயின் கதவைத் திறந்தாள். அந்தக் கொட்டாய் எழும்பிய நாள்முதல் அவள் அதற்குள் கால் வைத்ததில்லை. புருஷன் ரெங்கசாமி வைக்க விட்டதில்லை. "நீ வராத, மிரண்டுரும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு சரி. எதையும் இரண்டாம் தடவை சொல்கிற ஆளில்லை அவர்.

இப்போது சொல்வதற்கு அவரே இல்லை. காய்ச்சல் என்று படுத்தவர் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. துக்கம் நடந்த நாட்களில் அவருடைய தம்பி நாகையாதான் கம்பி வலைக்கு வெளியே நின்றபடி தவிட்டையும் சோளத்தையும் உள்ளே வாரி இறைத்துவந்தான். ரயில்வேயில் வேலை பார்க்கிறவன். லீவு முடிந்து நேற்றுச் சாயங்காலமே பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிவிட்டான். இனி வாளி அவள் கைக்கு வந்துதானே ஆக வேண்டும்?

கதவுச் சத்தம் கேட்டதும் கோழிகள் கழுத்தை நீட்டிப் பார்த்தன. அத்தனையும் வெள்ளை லெக்கான் கோழிகள். கம்பத்து நாட்டுக்கோழி மாதிரி மனுஷன் காலுக்குள் புகுந்து ஓடுகிற ஜாதியில்லை. சிவந்த கொண்டையும் ஒடிசலான உடம்புமாக எப்போதும் எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருப்பவை. நல்லம்மாள் ஓர் எட்டு உள்ளே வைத்தாள். எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அவளுடைய புது வெள்ளைச் சேலையின் முந்தானையைத் தூக்கிப் படபடவென்று அடித்தது.

எங்கோ ஒரு கோழி அடிவயிற்றிலிருந்து கத்திற்று. மறுநொடி கொட்டாய் முழுவதும் இறக்கையும் புழுதியுமாக எழுந்தது. அவள் திடுக்கிட்டு வாளியைப் போட்டுவிட்டாள். தகர வாளி கல்லில் விழுந்த சத்தத்தில் மிச்சம் மீதி நின்றவையும் ஓடின. எல்லாம் ஒரே மூலைக்கு ஓடின. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஏறியதன்மேல் இன்னொன்று ஏறி, வெள்ளை மூட்டைகளை அடுக்கிய மாதிரி அந்த மூலை உயர்ந்துகொண்டே போனது. "ஐயோ, ஐயோ" என்று பிரித்துவிட ஓடினாள். அவள் கிட்டே போகப் போக அவை இன்னும் நெருங்கி அழுந்தின.

அவள் வெளியே வந்து கதவைச் சாத்திய பிறகே குவியல் மெல்லக் கரைந்தது. அடியில் கிடந்த சில கோழிகள் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒரு கொம்பை விட்டு அவற்றை இழுத்தெடுத்தாள். காயம் கிடையாது, ரத்தம் கிடையாது. ஒன்றைத் தூக்கினாள்; கழுத்து தொங்கியது, உடம்பு இன்னும் சூடாக இருந்தது.

நல்லம்மாள் அதைப் பிடித்தபடியே நின்றாள். புருஷன் செத்ததற்கு ஊரே வந்து அழுதது, அவளும் அழுதாள். இது வேறு மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து அவளைக் கண்டு யாரும் பயந்ததில்லை. தெரு நாய்கூட அவளைக் கண்டால் வாலை ஆட்டுமே தவிர ஒதுங்காது. அப்படிப்பட்டவளைப் பார்த்த பயத்திலேயே உயிர் போயிருக்கிறது.

*

ரெங்கசாமி செந்தூலில் கொதிகலன் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தவர். வெளியிலிருந்து ஒருவன் சம்மட்டியால் தறையாணியை அடிக்க, கொதிகலனுக்குள்ளே குந்தி உட்கார்ந்து அந்த ஆணியின் மறுமுனையை இரும்புக் கட்டையால் தாங்கிப் பிடிக்கிற வேலை அவருக்கு. அந்தச் சத்தம் காதில் விழாது, மண்டைக்குள்ளேயே விழும் என்பார்கள். அவருக்குப் பாதிக்குமேல் செவிடு. பேச்சும் அதற்கேற்றாற்போல் குறைவு. வீட்டில் அவர் வாய் திறந்தால் சோறு, தண்ணீர், மழை வருது, துணியை எடு, இவ்வளவுதான். நல்லம்மாள் ஆரம்பத்தில் அதற்கு வருத்தப்பட்டாள். பிறகு பழகிக்கொண்டாள். பேசாத புருஷன் அடிக்காத புருஷனாகவும் இருந்தார். ஊரில் அதையே பெரிய கொடுப்பினை என்றார்கள்.

மந்த காலம் வந்து ஆள் குறைத்தபோது அவரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறினார். அவர் வளர்த்த லெக்கான் கோழிகளைக் கேட்பாரில்லை. ரெங்கசாமி போய்ப் பார்த்தவர், கையிலிருந்ததைக் கொடுத்து அத்தனையையும் வாங்கிவிட்டார். கிள்ளான் டவுனுக்கு வெளியே, வண்டி ஓடும் சடக்கிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து அத்தாப்பு ஓலைக் கூரை போட்டுக் கொட்டாய் கட்டினார். அதன் பிறகு அவருடைய பொழுதெல்லாம் அதற்குள்தான். முட்டைக் கூடையைக் கதவடியில் வைப்பார். நல்லம்மாள் எடுத்துத் துடைத்து உமியில் அடுக்கி வைப்பாள். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் யூனுஸ் பாய் ஆள் அனுப்பி வாங்கிக்கொள்வார். கூடை நிறைய வந்துகொண்டிருந்த முட்டைகள் அவை.

இப்போது கூடையின் அடியைக்கூட மூடவில்லை. வந்ததிலும் பாதி தோல் முட்டை. கையில் எடுத்தால் ஓடில்லாமல் கொழகொழவென்று உருண்டது. கோழிகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கியிருந்தன. முதுகு சிவந்து தோல் தெரிய ஒரு கோழி எப்போதும் சுவரோரமாகவே நடந்தது. நல்லம்மாள் முட்டைகளை இருட்டிய பிறகு கதவோரத்துப் பெட்டிகளில் கைவிட்டு எடுத்தாள்; பகலில் உள்ளே போகப் பயந்து, நாகையாவைப் போலவே வெளியே நின்று தீவனத்தைத் தொட்டிப் பக்கமாக வீசினாள். அவள் வீசுகிற ஒவ்வொரு தடவையும் அவை சிதறி ஓடிவிட்டுப் பிறகுதான் வந்து தின்றன.

முட்டை வராத காரணம் விசாரிக்க யூனுஸ் பாய் தாமே வந்தார். வலை வழியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தங்கச்சி, நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. முட்டை போடாத கோழி தின்னுக்கிட்டுதான் கெடக்கும். இப்பக் குடுத்தீங்கன்னா கறிக்கு ஆகும். இன்னும் எளைச்சிருச்சுன்னா அதுக்கும் ஆகாது லா."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து இறங்கிய நாகையாவும் அதையேதான் சொன்னான்.

"பாய் சொல்றது சரிதான் அண்ணி. குடுத்துட்டு நம்ம வீட்டுக்கு வந்துருங்க. ரமணியும் அதான் சொல்றா. இந்தக் காட்டுல நீங்க தனியா இருந்து என்ன பண்ணப்போறீங்க?"

ரமணி அவன் பெண்டாட்டி. நல்லவள்தான். ஆனால் அது ரமணியின் அடுப்பு. எந்தப் பானையை எங்கே வைப்பது என்று தினமும் அவளைக் கேட்டுக் கேட்டு வைக்க வேண்டும்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றாள் நல்லம்மாள்.

"எதுக்குப் பொறுக்கணும்?"

ரமணியின் அடுப்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் சொன்னால் அவனுக்குச் சிரிப்பு வரும். தன்னைக் கண்டு பயந்து செத்தவற்றின் மிச்சத்தை, பயந்தபடியே கறிக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

*

மறுநாள் தொடங்கி அவள் வேலைகளை முடித்துவிட்டு வலைக்கு வெளியே, கொய்யா மரத்தடியில் பலகையைப் போட்டு உட்கார்ந்து கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகும் வள்ளியம்மா வேலை முடிந்து திரும்பும்போதெல்லாம் பாரிட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னக்கா, கோழிக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். வள்ளியம்மாவுக்குத் தெரிந்தது சடக்கு முழுக்கத் தெரியும். நல்லம்மாள் சிரித்து அனுப்பிவிடுவாள்.

பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாகப் புரிந்தது. பருந்து நிழல் தரையில் ஓடினால் கொட்டாய் உறைந்துபோகும். அவளுடைய முந்தானை அசைந்தாலும் அதே மாதிரிதான் உறைந்தது. ஆக, இவற்றின் கண்ணுக்கு அவள் நல்லம்மாள் இல்லை. மேலிருந்து இறங்குகிற ஏதோ ஒன்று. அப்புறம் அந்தத் தீவனத் தொட்டி. ஒரே தொட்டியை மூன்று கொழுத்த கோழிகள் மறித்துக்கொண்டு நிற்க, இளைத்தவை பசியோடு சுற்றிச் சுற்றி வந்தன. முட்டையிடப் பெட்டி தேடும் கோழி உள்ளே போனதும் பின்னாலேயே இன்னொன்று போய்க் கொத்தித் துரத்தியது. ரெங்கசாமி இருந்தபோதும் தொட்டி ஒன்றுதான், பெட்டிகளும் இவைதான். அப்போது அவர் நடுவில் இருந்தார். அடங்காததை எடுத்து அப்பால் விட்டிருப்பார்.

அவர் உள்ளே என்ன செய்தார் என்று அவள் கண்டதில்லை. ஆனால் கேட்டிருக்கிறாள். சமையற்கட்டில் அவள் தேங்காய் துருவும்போது பின்னால் தினம் தினம் கேட்ட சத்தங்கள். கதவின் நிலைக்காலில் இரண்டு தட்டு. ஒரு செருமல். பிறகுதான் தாழ்ப்பாள் விலகும். கவனித்துக் கேட்டதில்லை, இருந்தும் காது அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது.

அவள் எழுந்து போய் நிலைக்காலில் இரண்டு தட்டுத் தட்டிச் செருமினாள்.

அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. சில கதவை நோக்கி ஓடியே வந்தன. தாழ்ப்பாளை விலக்கி வெள்ளைச் சேலையோடு அவள் வாசலில் நின்றதும் வந்தவை அப்படியே திரும்பிப் பறந்தன.

அன்று மத்தியானம் நல்லம்மாள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாகையா எடுத்துப்போய் யாருக்காவது கொடுப்பதற்காகக் கட்டி வைத்திருந்த மூட்டை அதில் இருந்தது. காக்கிச் சட்டை, கட்டம் போட்ட கைலி, விளிம்பு கிழிந்த தொப்பி. சேலைக்கு மேலேயே கைலியைச் சுற்றினாள், சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள், கொண்டையைத் தொப்பிக்குள் அமுக்கினாள். சட்டையில் இன்னும் தவிட்டு வாசம் இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தட்டினாள், செருமினாள், உள்ளே போனாள்.

ஒன்றும் பறக்கவில்லை. அவள் வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். கோழிகள் அவள் காலைச் சுற்றிக் கூடின. கொட்டாயின் நடுவே ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. மேற்பலகை வழுவழுவென்று தேய்ந்திருந்தது. உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவை தீவனத்தை விட்டுவிட்டு வந்து சுற்றிலும் நின்றன. ஒன்று மடியில் ஏறிற்று. தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றன. எதற்கோ காத்திருந்தன.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. இரை வாளியில் இருக்கிறது; தண்ணீர் இருக்கிறது. "இன்னும் என்னடி வேணும்?" என்று முணுமுணுத்தாள்; குரல் கேட்டதும் அவை கண் சொருகிக் காலடியில் உட்கார்ந்தன.

பேச்சு வேண்டும். அது உறைத்ததும் அவளுக்கு உடம்பு கொதித்தது. அவர் பேசியிருக்கிறார். இங்கே உட்கார்ந்து, பலகை தேயும்வரை உட்கார்ந்து, இந்தக் கோழிகளோடு பேசியிருக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஆயுசு முழுக்க ஒரு பேச்சுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சோறும் தண்ணீரும். கோழிகளுக்குப் பேச்சு.

"போங்கடி" என்று மடியிலிருந்ததை இறக்கி விட்டுவிட்டு வெளியே வந்தாள். சட்டையைக் கழற்றிக் கொடியில் வீசினாள்.

ஆனாலும் காலையில் அதே சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகையா வந்தபோது வழியிலேயே வள்ளியம்மா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் சொன்னதா வெச்சுக்காதீங்க. உங்க அண்ணி மேல உங்க அண்ணன் ஏறியிருக்காரு. அவரு சட்டை, அவரு தொப்பி, அவரு மாதிரியே செருமல். யாராச்சும் பூசாரிய வெச்சுப் பாக்கணும்."

அவன் விரைந்து வந்தான். வீட்டில் ஆளில்லை. பின்பக்கம் போனான். கொட்டாய்க்குள், பெட்டிமேல், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஓர் உருவம் குனிந்து உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் கோழிகள்.

"அண்ணே" என்றான் நாகையா. அவன் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொன்னது.

நல்லம்மாள் திரும்பினாள். அவள் முகத்தைக் கண்டதும் அவனுக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன. வலையைப் பிடித்து உலுக்கி, "என்ன அண்ணி கோலம் இது? ஊரு சிரிக்குது!" என்று கத்தினான். கோழிகள் விசுக்கென்று கழுத்தை நிமிர்த்தி ஓரத்துக்கு ஒதுங்கத் தொடங்கின.

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை மட்டும் மெதுவாக உயர்த்தினாள். "தம்பி, திட்டுங்க. மெல்லத் திட்டுங்க. இதுங்க ஒண்ணுமேல ஒண்ணு விழுந்து செத்துரும்."

அவன் வலையை விட்டான். அவள் வெளியே வரும்வரை கொய்யா மரத்தடியில் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் குடிக்காமல் டம்ளரையே பார்த்தான். "அண்ணனையே பார்த்த மாதிரி ஆயிருச்சு அண்ணி. இனிமே அதைப் போடாதீங்க. என்னால தாங்க முடியாது."

நல்லம்மாள் கேட்டாள்: "உங்க அண்ணன் சின்ன வயசுல பேசுவாரா?"

"பேசுவாராவா? வாய் மூடாது. பட்டறைக்குப் போன புதுசுலகூட பாட்டுப் பாடிக்கிட்டேதான் வருவாரு. அப்புறம் காது போச்சு." அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "எங்க சித்தப்பா மக கல்யாணம். உங்களைக் கட்டுறதுக்கு முந்தி. பந்தியில பக்கத்துல இருந்தவன் காதோட காதா சொல்றதா நெனச்சுக்கிட்டு, 'சாம்பார்ல பருப்பையே காணோம்'னு சொன்னாரு. பந்தல் முழுக்கக் கேட்டுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சிரிச்சாங்க. சித்தப்பா எலையை விட்டு எழுந்திரிச்சுட்டாரு. அண்ணனுக்கு என்னா நடந்துச்சுன்னே தெரியல. தன் கொரலு எம்புட்டு சத்தமா வருதுன்னு அவருக்கே தெரியாதில்ல? நாங்க சொன்னப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அன்னையிலேருந்து வாயக் கட்டிட்டாரு."

நல்லம்மாள் காக்கிச் சட்டையின் கைமடிப்பை இறக்கி விட்டுக்கொண்டிருந்தாள். செந்தூலில் குடித்தனம் வைத்த புதிதில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் இருந்தார்கள். அவர் ஏதோ சொன்னபோது அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. அவளும் சிரித்தபடி அவர் வாயைப் பொத்தினாள். விளையாட்டாகத்தான். பொத்தினாளா, அல்லது அது வேறு யாரோ சொன்ன கதையா? சரியாக நினைவில்லை.

சற்றுமுன் நாகையா கத்தியபோது கோழிகளின் கழுத்து நிமிர்ந்ததை நினைத்தாள். அவன் குரல் இறங்கியதும் அவை இறங்கின. சொல்லுக்கு முன்னால் சத்தத்தின் அளவு அவற்றின் உடம்பில் தெரிந்துவிடுகிறது. ஒரு செவிட்டு மனிதன் அவற்றின் நடுவே உட்கார்ந்து பேசினால், கழுத்து நிமிரும்போது சமையற்கட்டுக்கு எட்டாத அளவுக்குக் குரலைத் தணிக்கலாம். கண் சொருகி நின்றால் இது போதும் என்று தெரிந்துகொள்ளலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். தன் குரல் எவ்வளவு என்று அவருக்குக் காட்டிய உயிர்கள் இவை மட்டும்தான் போலிருக்கிறது.

அவளுடைய கோபம் முழுவதும் போய்விடவில்லை. ஆனால் அது உட்காருவதற்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"தம்பி, பலகை அறுக்கத் தெரியுமில்ல? இன்னொரு தீவனத் தொட்டி வேணும்" என்றாள்.

நாகையா அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு ரம்பத்தைத் தேடினான்.

*

அதன்பிறகு நல்லம்மாள் ஒவ்வொன்றாகச் செய்தாள். புதுத் தொட்டியைப் பழையதற்கு எட்டாத தூரத்தில் வைத்தாள். மூன்று கொழுத்த கோழிகளால் இரண்டையும் மறிக்க முடியவில்லை. முட்டைப் பெட்டிகளின் வாயில் சாக்குத் துணியைத் திரை மாதிரி தொங்கவிட்டாள். உள்ளே இருட்டானதும் போன கோழி நிம்மதியாக உட்கார்ந்தது. வெளியே நின்றதற்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. நிழலான மூலையில் அடுப்புச் சாம்பலையும் மணலையும் கலந்து கொட்டினாள். மத்தியான வெயிலில் அவை அதில் புரண்டு இறக்கையை உதறுவதைப் பார்த்தால் அவளுக்கே குளிர்ந்தது. கங்கோங் கீரையைக் கட்டுக் கட்டாகக் கயிற்றில் தொங்கவிட்டாள். எட்டி எட்டிக் கீரையைக் கொத்துகிற கோழிக்குப் பக்கத்துக் கோழியின் முதுகைக் கொத்த நேரம் இருக்கவில்லை. தோல் சிவந்த அந்தக் கோழியை மட்டும் தனியே ஒரு தடுப்பில் விட்டு, மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டாள். வலை வழியாக மற்றவற்றைப் பார்த்துக்கொண்டே அது தேறியது.

சேலையையும் அவள் விட்டுவிடவில்லை. சாகும்வரை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அலைய முடியுமா? அலைந்தால் கோழிகளுக்கு அவர் இருப்பார். அவள் இருக்க மாட்டாள். பழைய வெள்ளைத் துணி ஒன்றை வலைக்கு வெளியே தூரத்துக் கொடியில் கட்டினாள். அது காற்றில் ஆடி ஆடி அவற்றுக்குச் சலித்துப்போனதும் கொடியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு இன்னும் கிட்டே. ஒரு நாள் தொப்பியை விட்டுவிட்டு உள்ளே போனாள். சில நாள் கழித்துக் கைலியும் சட்டையும் இல்லாமல் போனாள். முந்தானையை மட்டும் இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேச்சுதான் கஷ்டமாக இருந்தது. பெட்டியில் உட்கார்ந்தால் என்ன பேசுவது? அவர் என்ன பேசினாரோ. முதல் நாட்களில் "ம்", "சரி" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் பாசார் சந்தையில் மீன் நாறிப்போனதைச் சொன்னாள். கூரையில் ஒழுகுகிற இடத்தைச் சொன்னாள். ஒரு தடவை, "உங்கள்ட்ட என்னத்தடி அப்படிப் பேசினாரு?" என்று கேட்டேவிட்டாள். ஒரு கோழி கொட்டாவி விட்டது. நல்லம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எது பேசினாலும் அவற்றுக்கு ஒன்றுதான். குரல் தாழ்ந்து, அவசரம் இல்லாமல் வந்தால் போதும்.

கூடையின் அடி மறைந்தது. பிறகு பாதி நிறைந்தது. ஒரு நாள் யூனுஸ் பாய் அனுப்பிய ஆள் உமிப் பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிப் போனான். மறுநாள் பாய் வந்து, கறிப் பேச்சே எடுக்காமல், "கடைக்கு வர்ற ஆபீஸ் கிராணிமாருங்க ரெண்டு ரெண்டு ஆம்லெட் கேக்குறாங்க தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்போதுதான் நல்லம்மாளுக்கு ஒரு மழைக்காலச் சளி பிடித்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. குரல் கட்டிக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் பாயில் படுத்தபடி கொட்டாயின் பசிச் சத்தத்தைக் கேட்டபோது அவளுக்கு அந்த முதல் நாள் காலை நினைவுக்கு வந்தது. ஒருவரையே நம்பிப் பழகிய கூட்டம் அது. அவர் போனதும் அது சாவதற்குத் தயாராக இருந்தது. அவர் கதவைச் சாத்தி வைத்துக் கோழிகளைப் பத்திரமாக வளர்த்தார். அந்தச் சாத்திய கதவுதான் பிறகு அவற்றைக் கொன்றது. அவளும் இப்போது அதையேதானே செய்துகொண்டிருக்கிறாள்? ஆளை மாற்றிவிட்டாள், கதவைத் திறக்கவில்லை.

உடம்பு தேறியதும் பாரிட்டுக்கரையில் போய் நின்றாள். வள்ளியம்மா பால் வாளியோடு வந்துகொண்டிருந்தாள்.

"வள்ளியம்மா, தெனம் கொஞ்ச நேரம் வந்து கோழிகளோட இருந்துட்டுப் போறியா?"

வள்ளியம்மா மார்பில் கை வைத்தாள். "நானா? கொட்டாய்க்குள்ளயா? உன் வீட்டுக்காரரு இருந்தப்ப வலையைத் தொட்டதுக்கே மொறச்சாரே!"

"அவரு மொறச்சாரு. நான் கூப்பிடுறேன்."

"என்னத்துக்குக்கா?"

"நாளைக்கு நான் விழுந்தா இதுங்க பயப்படக் கூடாது. வேற கொரலும் பழகணும். ஒன் கொரலு பழகிருச்சுன்னா அப்புறம் இடி விழுந்தாலும் பயப்படாது."

வள்ளியம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள். அடுத்த நாளே சிவப்புச் சேலையும் கண்ணாடி வளையலுமாக வந்தாள். "வளையல கழட்டிரு" என்றாள் நல்லம்மாள். நிலைக்காலில் தட்டி, முன்னால் தான் போய், அவளைப் பின்னால் வரச் சொன்னாள். சிவப்பைக் கண்டதும் கோழிகள் கலைந்து ஓரத்துக்குப் போயின. போயினவே தவிர, ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை.

"தானே வெள்ளையா இருந்துக்கிட்டு வெள்ளைச் சேலைக்கு அந்த ஓட்டம் ஓடுச்சாமே, இதுங்க? இப்ப செவப்புக்குமா?" என்றாள் வள்ளியம்மா, தன்னால் முடிந்த அளவு மெல்ல. அது அப்படியொன்றும் மெல்ல இல்லை. ஆனால் நல்லம்மாள் பெட்டியில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வள்ளியம்மா செந்தூலில் இருக்கும் தன் மகன் ராதாகிருஷ்ணனைப் பற்றி ஆரம்பித்தாள். அவனுக்குப் பெண் பார்த்தது, பெண்ணின் அத்தைக்கு மாறுகண் இருந்தது, மகன் அத்தையைப் பார்த்தே பயந்து வந்தது. நல்லம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். கோழிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கதை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அத்தாப்புக் கூரையில் அது கொட்டிய கொட்டில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. வெளியே சடக்கு தெரியவில்லை, பாரிட்டு தெரியவில்லை. வள்ளியம்மா வாய் அசைந்தது, நல்லம்மாள் தலையாட்டினாள். கோழிகள் ஈரக் காற்றுக்கு ஒதுங்கிப் பெட்டியைச் சுற்றி ஒண்டின. முதுகில் புது இறகு முளைத்திருந்த அந்த ஒன்று, வள்ளியம்மாவின் பாதத்தின்மேல் ஏறி, இறக்கையைத் தளர்த்தி, வயிறு படிய உட்கார்ந்துகொண்டது.

வள்ளியம்மா பேச்சை நிறுத்தினாள். காலைக் குனிந்து பார்த்தாள். நல்லம்மாளைப் பார்த்தாள். மழை விட்டு, வெயில் அடித்து, மதியச் சோறு வைக்கிற வேளை தாண்டிய பிறகும் அவள் அந்தக் காலை எடுக்கவில்லை.